பன்னிரண்டரை மணிக்கு எழுதிய ஏழு

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.20-க்கு விழிப்பு. கண்ணைத் திறக்காமலே இடது காதுக்குள் சத்தம் இருக்கிறதா என்று கவனித்தேன். இருந்தது. என் மனைவி அடுப்படியில் இருந்தாள். ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து, தேதிக்கு நேரே முதல் கட்டத்தில் 5 என்று எழுதிவிட்டு, மறுபடி பைக்குள் வைத்தேன். அதன் பிறகுதான் பல் துலக்கினேன். 5.45-க்குக் காபி. 6.05-க்கு வண்டியை எடுத்தேன். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் ரோட்டில், எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் முக்கில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே ஒரு டீ, சர்க்கரை பாதி.

தோட்டம் ஒன்றே முக்கால் ஏக்கர், பன்னீர் திராட்சை. அன்றோடு கொடியைக் கவாத்து வெட்டி எண்பத்தைந்து நாள். காய் பச்சையிலிருந்து கறுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் தண்ணீர் ஒழுங்காகப் போக வேண்டும். காயவிட்டுப் பிறகு தண்ணீரைக் காட்டினால் பழம் வெடித்துவிடும். வெடித்த குலையைக் கூடையில் வைக்கக்கூட முடியாது.

6.30-க்கு மும்முனை மின்சாரம் வந்தது. அந்த வாரம் எங்கள் லைனுக்குப் பகல் இரண்டு மணி வரை.

இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாருடைய மோட்டாருக்கும் தானியங்கி சுவிட்ச் உண்டு. மின்சாரம் வந்த அரை நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஓடத் தொடங்கும். அப்போது டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பேச்சை நிறுத்துவார்கள். யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரவர் மோட்டாரைக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்துவிடுவார்கள். அடுத்தவருடையதையும் சொல்வார்கள். “உங்களுது எடுத்துருச்சு சித்தப்பா.” “ஏலே, உன்னுது மொனகுது. பேரிங்கைப் பாரு.” இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். பன்னிரண்டு மோட்டார்களைத் தனித்தனியாகச் சொல்வேன்.

அன்றும் எல்லாரும் தலையைச் சாய்த்தார்கள். நானும் சாய்த்தேன். எனக்கு ஒரே ஒரு மோட்டார்தான் கேட்டது. அது எந்தத் தோட்டத்திலும் இல்லை.

என் தோட்டத்துக்கு மேற்கே இருப்பவர் எனக்கு முறைக்கு மாமா, ஐந்து வயது மூத்தவர். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நான் தலையாட்டுகிறேன் என்பது அவருக்குத் தெரியுமா என்ற சந்தேகம் எனக்கு நான்கு வருடமாக உண்டு.

“என்ன மாப்ள, எடுத்துருச்சா?”

“எடுத்துருச்சு மாமா.”

“எது, உன்னுதா என்னுதா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்டது வேடிக்கைக்கா, சோதனைக்கா என்று டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன்.

தொடங்கியது 2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40. பழம் பழுத்திருந்தது. மைனாக் கூட்டம் இறங்கினால் வெடி போட்டுக் கலைப்பது வழக்கம். அன்று நான் கொளுத்திய அணுகுண்டு வெடிக்குத் திரி குட்டையாக இருந்தது. கையை விட்டுப் போனதுமே, இடது தோளுக்கு மேல் வெடித்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் போய்விடும் என்று நினைத்து அன்றைய தோட்ட டைரியில் அதை எழுதக்கூட இல்லை. மறுநாள் எழுதினேன். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் இன்ஜினை இருபத்திரண்டு வருடம் இடது பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்தவன் நான். காது ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்க வேண்டும், வெடி மீதியை முடித்தது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார்.

சத்தம் போகவில்லை. ஒரு வாரம் கழித்து அதற்கென்று தனி நோட்டுப் போட்டேன். காலை, பகல், மாலை என்று மூன்று கட்டம். பூஜ்யம் என்றால் சத்தமே இல்லை. 3 என்றால் அமைதியான அறையில் மட்டும் கேட்கும். 5 என்றால் மின்விசிறி ஓடும்போதும் கேட்கும். 7 என்றால் பஸ்ஸுக்குள்ளும் கேட்கும். 10 என்றால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. நான் தோட்டத்தில் எந்த நோயையும் இப்படித்தான் பிடித்திருக்கிறேன். சாம்பல் நோய் எந்த வரிசையில் எந்தத் தேதியில் முதலில் தெரிந்தது என்று எழுதி வைத்தால், அடுத்த கவாத்தில் அது எங்கிருந்து வரும் என்று தெரிந்துவிடும். காதும் அப்படி அகப்படும் என்று நம்பினேன். உப்பைக் குறைத்த வாரம், காபியை விட்ட மாதம், ஆடிக் காற்று, மருந்தடித்த நாள், தூங்கிய மணி எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதினேன். எதிலும் அகப்படவில்லை.

வைத்தியங்களும் அதே நோட்டில் இருக்கின்றன. முதலில் என் மனைவி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக விட்டாள். நான்கு நாள். அடுத்து கம்பத்தில் ஒரு டாக்டர் அழுக்கை எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டதற்குத் திட்டினார். அடுத்து மதுரை. தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் மாத்திரையை எனக்கும் கொடுத்தார்கள். ஆறு மாதம் தின்றேன். எனக்குத் தலை சுற்றியதே இல்லை. அங்கேயே ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து அரை மணி நேரம் தகரத்தைத் தட்டுவதுபோலத் தட்டியது. வெளியே வந்ததும் 9 என்று எழுதினேன். அதுவரை எழுதியதிலேயே பெரிய எண் அதுதான். கட்டி எதுவும் இல்லை என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் வெட்டி எடுக்க ஏதாவது இருந்திருக்கலாமே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியரிடம் மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள இருபத்தொரு நாள் போனேன். அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு தினமும் “சாரமில்ல, குறையும்” என்பார்; மலையாளத்தில் பரவாயில்லை என்பதற்கு அப்படி. நல்ல மனிதர். இருபத்தொன்றாம் நாளும் அதையே சொன்னார். போனில் பார்த்த ஒரு வீடியோவின்படி, உள்ளங்கைகளால் காதுகளை மூடிக்கொண்டு பின்மண்டையில் விரலால் ஐம்பது முறை தட்டியிருக்கிறேன். தட்டி முடித்த அரை நிமிடம் குறைந்த மாதிரி இருக்கும். அந்த அரை நிமிடத்துக்காகவே ஒரு நாளைக்கு முப்பது முறை தட்டிய காலம் உண்டு.

ஒன்றை மட்டும் நோட்டிலிருந்து கண்டுபிடித்தேன். வைத்தியத்துக்குப் போன நாள்களிலெல்லாம் எண் கூடியிருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமல் இருக்கவே விரும்பினேன் என்றும் சொல்லலாம்.

2024 பிப்ரவரி 22, வியாழன், தேனியில் காது பரிசோதனை செய்யும் ஓர் அம்மாவிடம் போனோம். முப்பது வயதுக்குள் இருக்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, எந்தச் சத்தம் கேட்டாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார். எனக்குப் பாதி நேரம் வெளியிலிருந்து வருவது எது, என்னுடையது எது என்று தெரியவில்லை. சும்மா அழுத்தினேன். அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் ஐந்தாம் நோட்டை அவர் மேஜையில் வைத்தேன்.

“இது என்ன சார்?”

“சத்தத்தோட அளவும்மா. மூணு வேளைக்கும் இருக்கு. 2019-லருந்து.”

கொஞ்ச நேரம் புரட்டினார். கோடு போட்ட அழகைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது சார். தினம் மூணு வேளை பேரைக் கூப்பிட்டு ஆஜர் எடுக்குறீங்க. அது எப்படி சார் வராம இருக்கும்?”

என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஐந்து வருடத்தில் என் காதைப் பற்றி அவள் சிரித்தது அப்போதுதான்.

அந்த அம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். சன்னமான, கீச்சென்ற சத்தங்களை என் இடது காது இழந்துவிட்டது. வர வேண்டியது வராததால் மூளை அந்த இடத்தில் உற்றுக் கேட்கிறது. கேட்டுக் கேட்டு, இல்லாததைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. “இதை எடுத்து வெளியே போடுற மாத்திரை இன்னைக்கு வரைக்கும் இல்ல சார். இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா இதோட இருக்கப் பழக முடியும். மாசக்கணக்காகும். பழகிட்டா இருக்குறதே பல நேரம் மறந்துபோகும்.” மூன்று காரியம் சொன்னார். காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை காதில் மிஷின் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் மூளை உற்றுக் கேட்பதைக் குறைக்கும். நோட்டை நிறுத்த வேண்டும். சத்தம் கூடும்போது அதன் பின்னால் போகாமல், கையிலிருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில், சின்னமனூர் தாண்டியதும் என் மனைவி சொன்னாள்: “அவுக சொன்னாகள்ல. இனி நோட்டைத் தொடக் கூடாது.”

“தொடல.”

“பரண்ல போட்டுருங்க.”

போட்டேன். ஐந்து நோட்டையும் கட்டிப் பரணில் போட்டேன். மறுநாள் கம்பத்தில் சட்டைப் பைக்குள் அடங்குகிற ஆறாவது நோட்டை வாங்கினேன். தேனியில் வாங்கி வந்த மிஷினை இரண்டு நாள் மாட்டினேன். நான் மெல்லுவது எனக்கே கேட்டது. கரண்டி தட்டில் படுவது தலைக்குள் விழுந்தது. பந்தலுக்கு அடியில் வியர்வை வழிந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லிக்கொண்டு டப்பாவில் போட்டுப் பீரோ மேல் வைத்துவிட்டேன். உண்மைக் காரணம் டீக்கடை. பன்னிரண்டு மோட்டாரைப் பிரித்துச் சொன்னவன் காதில் மிஷினோடு போய் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஆக, மூன்றில் எனக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பின்னால் போகாமல் இருப்பது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. என் காதுச் சத்தம் தூரத்தில் ஓடும் மோட்டாரைப் போல இருக்கும். கிணறு வற்றிவிட்டது, மோட்டார் சும்மா ஓடுகிறது, நிறுத்த வேண்டும் என்று தோன்றி எழுந்து ஓடுவேன். மோட்டார் ரூமுக்குள் போய்க் கையை வைத்தால் இரும்பு குளிர்ந்திருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பதினொரு முறை இப்படி ஓடாத மோட்டாரை நிறுத்தப் போயிருக்கிறேன். பதினோராம் முறை மாமா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “கரண்டே இல்லயே மாப்ள, எந்த மோட்டாரை நிறுத்த ஓடுற?” என்றார். பிப்ரவரி 26 அன்று எழுதினேன்: “இனி எழுந்து போவதில்லை. அது காதுதான்.”

மார்ச் 12-க்கு வருகிறேன்.

முந்தின நாள் லைனில் கோளாறு. மூன்று மணி நேரத் தண்ணீர் போயிற்று. அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது. மார்ச்சில் எங்கள் கிணறு ஐந்து மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஓட்டினால் காதை அங்கேயே வைத்திருக்க வேண்டும். தண்ணீரை இழுக்கும்போது மோட்டாரின் சத்தம் கனமாக இருக்கும். வற்றிக் காற்றை இழுக்கத் தொடங்கினால் கனம் போய்ச் சத்தம் கூர்மையாகி மேலே ஏறும். உடனே நிறுத்திவிட வேண்டும். 11.15-க்குக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நான்கடி இருந்தது. ஒரு மணி வரை ஓடும் என்று கணக்குப் போட்டேன். சொட்டுநீர்க் குழாய் என்பதால் வாய்க்காலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. குலையில் நெருக்கமான காயைக் கழிக்கிற வேலை முடிந்திருந்தது, ஆளும் வரவில்லை. 12.10-க்குப் பந்தலடியில் கிழக்கு மூலையில் உட்கார்ந்து தயிர்ச் சோறு சாப்பிட்டேன். மோட்டார் ரூம் அங்கிருந்து ஐம்பதடி.

சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே காது ஏறத் தொடங்கியது. மெல்லிய கம்பியை இழுத்துக்கொண்டே போவதுபோல மேலே போனது. எழுந்து போக வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. அது காதுதான் என்று மூன்று முறை வாய்விட்டுச் சொன்னேன். கை கழுவினேன். நோட்டை எடுத்து 12.30 என்று எழுதி, நேரே 7 என்று போட்டேன். பக்கத்தில், “கூர்மை. இதுவரை இல்லாத கூர்மை. எழுந்து போகவில்லை” என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வார்த்தைகளை எழுதும்போது எனக்குள் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

12.50-க்குச் சத்தம் சட்டென்று இறங்கியது.

அது இறங்கிய விதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தலையில் சுமந்துகொண்டிருந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டதுபோல இருந்தது. திராட்சை இலை இலையோடு உரசுவது கேட்டது. வேலிக்கு அப்பால் ஓர் ஆடு கத்தியது. அடியில் பழைய சத்தம் சன்னமாக இருந்தது, அவ்வளவுதான். 3 என்று எழுதினேன். ஆச்சரியக்குறி போட்டேன். என் நோட்டுகளில் வேறெங்கும் ஆச்சரியக்குறி கிடையாது. நான்கு வருடம், ஒன்பது மாதம், மூன்று நாள் என்று உடனே கணக்குப் போட்டேன். பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன்.

“குறைஞ்சிருச்சு.”

“என்னது?” என்றாள் என் மனைவி.

“காது. மூணுக்கு வந்துருச்சு.”

“மூணா? அப்ப இன்னும் நம்பரு போட்டுக்கிட்டுத்தான் இருக்கீகளா?” என்றவள், நான் பதில் தேடுவதற்குள், “சரி, போட்டா போட்டுட்டுப் போங்க! நெசமாக் குறைஞ்சிருச்சா?” என்றாள். “உங்ககிட்டச் சொல்லல. சித்திரையில வீரபாண்டிக் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்குறதா வேண்டியிருக்கேன். ஆத்தா கேட்டுட்டா. அங்கனயே இருங்க, கேசரி கிண்டி எடுத்தாரேன்.”

போனைப் பையில் வைத்தேன். அப்போதுதான் வாசனை வந்தது.

மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, அதாவது காயில், கருகும் வாசனை ஒரு முறை மூக்கில் ஏறியவனுக்கு மறக்காது. வார்னிஷும் பருத்தி நாடாவும் சேர்ந்து வேகும் வாசனை. யாருடைய தோட்டத்திலோ என்று ஒரு கணம் பரிதாபப்பட்டேன். அடுத்த கணம் ஓடினேன். ரூமுக்குள் புகை மண்டியிருந்தது. பியூஸ் போயிருந்தது. பழக்கத்தில் மோட்டார் மேல் கையை வைத்தேன். பதினொரு முறை குளிர்ந்திருந்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. கிணற்றில் உறிஞ்சுகுழாயின் அடிமுனையான புட்வால்வு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. சீல் சூடாகி, உருகி, பிடித்துக்கொண்டு, கடைசியில் காயில் எரிந்திருக்கிறது.

நோட்டைத் திறந்து பார்த்தேன். 12.30, ஏழு. 12.50, மூன்று. நான் அளந்தது என் காதை அல்ல. என் மோட்டார் உயிர்விட்டதைத்தான் நிமிடக் கணக்கோடு எழுதி, முடிவில் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன்.

சுவரில் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவி தொங்குகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானே நிறுத்துவது அதன் வேலை. அதன் ஒயர் இணைப்பில் இல்லை. யார் எடுத்தது என்று தேட வேண்டியதில்லை. 2016 ஆகஸ்ட் 3 தோட்ட டைரியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: “வோல்டேஜ் குறையும்போதெல்லாம் வீணாக நிறுத்துகிறது. ஒயரை நேராகப் போட்டாயிற்று. காது இருக்கும்போது இது எதற்கு.”

மாமா வேலியைத் தாண்டி வந்தார். ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“காத்தை இழுக்குறது என் தோட்டம் வரைக்கும் கேட்டுச்சு மாப்ள. நீதான் இங்கன இருக்கியே, நிறுத்திருவன்னு இருந்துட்டேன்.”

அதற்கு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தூங்கிவிட்டேன் என்றால்கூட நம்பியிருப்பார்.

“எனக்கும் கேட்டுச்சு மாமா. காதுன்னு நெனச்சுட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. டீக்கடையில் சிரித்த மனிதர் இப்போதும் சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மேலே பந்தலைப் பார்த்தார். கறுப்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு குலையைக் கையால் தாங்கிப் பார்த்தார்.

“காயில் கட்ட மூணு நாளாவது ஆகும். அது வரைக்கும் இது காயக் கூடாது. காலைல ஆறரைக்கு என் போர்ல இருந்து ரெண்டு மணி நேரம் விடுறேன். மேக்கு மூலை வால்வுகிட்ட நில்லு. என் மோட்டாரு எடுத்ததும் தொறந்துரணும். முன்னாடியே தொறந்தா காத்துப் புகுந்து என் தண்ணி உன் குழாய்க்கு ஏறாது. லேட்டானா பைப்பு பிச்சுக்கிட்டுப் போயிரும். அங்கன போன் டவரும் கிடைக்காது.” நிறுத்திவிட்டுக் கேட்டார்: “கேக்குமா மாப்ள?”

இந்தமுறை அது வேடிக்கையும் இல்லை, சோதனையும் இல்லை. “கேக்கும்” என்றேன்.

1.40-க்கு என் மனைவி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் தூக்குவாளி. நெற்றியில் புதிதாகக் குங்குமம். வரப்பில் பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள். அந்த வாசனை அவளுக்கும் தெரியும். நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். தூக்குவாளியைக் கீழே வைக்கவே இல்லை.

“அப்ப, குறையல.”

“இல்ல.”

“அந்த இருபது நிமிசம் ஏறுனது?”

“அதுவும் மோட்டாருதான்.”

மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி, கம்பத்தில் காயில் கட்டும் கடையில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி 5.50. குளித்தேன். என் மனைவி கேசரியைச் சூடு பண்ணி இரண்டு தட்டில் வைத்தாள். கிண்டியதைக் கொட்ட முடியாதே என்றாள். சாப்பிட்டோம்.

“தீச்சட்டி?” என்று கேட்டேன்.

“எடுக்கணும். கேசரி கிண்டுறப்பவே ஆத்தாகிட்ட எடுக்குறேன்னு சொல்லிட்டேன். அவகிட்டப் போயி மோட்டாரு எரிஞ்ச கதையைச் சொல்லச் சொல்றீகளா?” என்றவள், தட்டுகளை எடுத்துக்கொண்டே, “என்னைய மட்டும் ஏமாத்தலீகளே. மாமாவை, டீக்கடையை, எல்லாத்தையும்ல ஏமாத்தியிருக்கீக. தலையைச் சாச்சுச் சாச்சு” என்றாள்.

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்றும் கேட்கவில்லை.

7 மணிக்கு நோட்டை எடுத்தேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மூன்றாவது கட்டத்தில் 6. பிறகு பகல் கட்டத்துக்குப் போனேன். எழுதியதை அடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஏழுக்கும் மூன்றுக்கும் நேரே ஓரத்தில் “மோட்டார்” என்று மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு, முன்பக்கங்களைப் புரட்டினேன். பத்தொன்பது நாளின் எண்கள். பரணில் இன்னும் ஐந்து நோட்டு. அவற்றில் எத்தனை ஏழு யாருடைய மோட்டார், எத்தனை ஐந்து எந்த மிக்சி, எந்த லாரி என்று இனி சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றையும் சரியாக எழுதியிருக்கிறேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நோட்டை மூடினேன். அவள் எழுந்து போய்ப் பீரோ மேலிருந்த டப்பாவை எடுத்து, தூசியைத் துடைத்து, என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மார்ச் 13, புதன். 5.10-க்கு விழிப்பு. கண்ணைத் திறக்காமல் காதைக் கவனிக்கவில்லை என்று எழுத ஆசைதான். கவனித்தேன். இருந்தது. ஆனால் அன்று கையால் முதலில் செய்தது, டப்பாவைத் திறந்து மிஷினை எடுத்து இடது காதில் மாட்டியது. பல் துலக்குவதற்கு முன்பே. சின்னதாக ஒரு மணி அடித்து அது வேலை செய்யத் தொடங்கியதும், ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. மிஷினா, காதா என்று தெரியாமல் அடுப்படிக்குப் போனேன். அவள் பாலை இறக்கி அடுப்பை அணைத்தாள். ஒரு சத்தம் நின்றது. மற்றது நிற்கவில்லை.

“நீயும் வா,” என்றேன். “வால்வுகிட்ட நின்னு, மாமா மோட்டாரு எடுத்ததும் எனக்குச் சொல்லு.”

அவள் என் காதைப் பார்த்தாள். பாலை மூடி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.